தேவிகாவின் எட்டு வார அட்டவணை

ஓய்வு பெற்றவனைச் சும்மா இருக்க விடக் கூடாது என்று எங்கள் மருந்தகத்து இளையர்கள் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. போன மாதம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மருந்து ஒவ்வாமைக்கு நாங்கள் இத்தனை வருஷமாகக் கையால் போட்டுவந்த அட்டவணையை இனிமேல் கணினியே போட்டுவிடுமாம். நோயாளியின் பெயரைத் தட்டினால் எட்டு வாரத்து மருந்துகளும் வரிசையாகத் திரையில் வந்து நிற்குமாம். அந்தத் திரைக்கு ‘குணா அட்டவணை’ என்று என் பெயரையே வைக்கப் போகிறார்களாம். அது பிறந்த கதையை, பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக, நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேலேயே எழுதுகிறேன். ஆனால் அது என் அட்டவணை இல்லை. திருச்சியிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த தேவிகா என்ற மருந்தாளருடையது. அது என் பெயரில் ஓடுவதற்குக் காரணம் என் பொறாமை. இதைவிட நாகரிகமான ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்கப்பூரின் மார்சிலிங்கில் வளர்ந்தேன், மருந்தியல் படித்தேன், பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். ஐந்து வருஷம் கீழ்த்தளத்து கவுன்டரில் நின்று, ‘சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு மூன்று வேளை’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. பிறகு வார்டுக்கு அனுப்பினார்கள். வார்டு மருந்தாளர் என்றால் காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், டாக்டர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றனவா, அளவு சரியா என்று பார்க்க வேண்டும். தமிழ் மட்டும் பேசும் நோயாளி எந்த வார்டில் படுத்தாலும் ‘குணாவைக் கூப்பிடு’ என்பார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மின்தூக்கியிலிருந்து இறங்கும்போதே என் நடை மாறிவிடும்.

எங்களுக்குத் தலைவர் மேடம் கோ. குள்ளமான உருவம், வாரி இறுக்கிய கொண்டை. அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. மேசையில் ஓர் எஃகு அடிக்கோலும் கூராகச் சீவிய ஒரு பென்சிலும் இருக்கும். நாம் நீட்டும் தாளின்மேல் அடிக்கோலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படிப்பார். உடன்பாடில்லாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு வார்த்தை எழுத மாட்டார். தாளைத் திருப்பி நம் பக்கம் தள்ளுவார். அந்தப் புள்ளி எதற்கு என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். திருத்திக் கொண்டுபோனால் அழிப்பானை எடுத்துப் புள்ளியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அவரிடம் பாராட்டு என்று ஒன்று உண்டென்றால் அது அந்த அழிப்பான்தான். அவர் வாய் திறந்து சொன்ன கட்டளைகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று, ஒருவருடைய வார்டுக் கோப்பில் இன்னொருவர் கருத்து எழுதக் கூடாது என்பது. இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் டாக்டர் எதை நம்புவார் என்பார். நாங்கள் எல்லோரும் அதை மதித்தோம்.

ஒரு நோயாளிக்கு உடம்பு தடித்து அரித்தால், எந்த மருந்து குற்றவாளி என்று கண்டுபிடிப்பது வார்டு மருந்தாளரின் வேலை. அதற்கு ஒரு படிவம் இருந்தது. இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள். மேலே நாட்கள், மொத்தம் பதினான்கு கட்டங்கள். எந்த மருந்தை எந்த நாள் முதல் எந்த நாள் வரை சாப்பிட்டார் என்று கட்டங்களில் கோடு இழுக்க வேண்டும். தடிப்பு வந்த நாளில் மேலிருந்து கீழே சிவப்பில் ஒரு கோடு. சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால் தொடங்கிய மருந்தின்மேல் சந்தேகம். அந்தப் பதினான்கு நாளுக்கும் முன்பிருந்தே சாப்பிட்டுவரும் மருந்தென்றால் இடது ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். நான் இதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். பல நாட்களில் மேடம் கோவின் பென்சில் என் தாளைத் தொடாமலே திரும்பியிருக்கிறது.

அப்போதுதான் தேவிகா வந்து சேர்ந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். திருச்சியில் படித்துவிட்டு இங்கே வந்து மேற்படிப்பும் முடித்திருந்தார். பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு மணி நேரம் ரயிலில் வருவார், எங்களில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு முதலில் எரிச்சலூட்டியது அவருடைய தமிழ்தான். என் தமிழ் பள்ளிக்கூடத்தில் தேர்வுக்குப் படித்தது, வார்டில் பேசிப் பேசித் தேய்ந்தது. அவர் பேசினால் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து கதை சொன்னார்கள். இரண்டு மாதத்தில் ‘குணாவைக் கூப்பிடு’ என்பது ‘தேவிகா இருக்கிறாரா பார்’ என்று ஆனது. எங்கள் இருவருக்குள் குறிப்பு ஏதாவது கொடுப்பதென்றால் சின்னச் சின்னத் துண்டுத் தாளில் தமிழில் எழுதி என் மேசையில் வைப்பார். அச்சுப் போன்ற கையெழுத்து. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன்.

அவர் அந்தப் பதினான்கு கட்டப் படிவத்தை எடுத்து, அதன் இடது ஓரத்தில் இன்னும் மூன்று தாள்களைப் பசை போட்டு ஒட்டி, எட்டு வாரத்துக்குப் பின்னோக்கி நீட்டினார். கோப்பிலிருந்து அது வெளியே தொங்கும். நான் அதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்தேன். பிறகு மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ‘தேவிகாவின் வால்’ என்றார்கள். அவரும் கூடச் சிரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மதிய உணவுக் கூட்டத்தில் அந்த வால் எதற்கு என்று மேடம் கோ அவரைப் பேசச் சொன்னார். தேவிகா விளக்கியதை நான் ஓய்வு பெறும்வரை பயிற்சி வகுப்பில் அப்படியே சொல்லிவந்தேன், என் சொந்தச் சரக்கு மாதிரி. ஒவ்வாமையில் இரண்டு குணம் உண்டு என்றார். ஒன்று உடனே வருவது. ஊசி போட்ட சில நிமிஷத்தில் உதடு வீங்கும், மூச்சு முட்டும். அது ரத்தத்தில் தயாராக இருக்கும் எதிர்ப்பொருள்களின் வேலை. இன்னொன்று டி செல்களுடையது. அவை ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவும் தன்மேல் ஒரு புரதத்தை அடையாள அட்டை மாதிரி மாட்டியிருக்கும். டி செல்கள் சுற்றிச் சுற்றி வந்து அந்த அட்டையைச் சோதிக்கும். சில மருந்துகள் அந்த அட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே அதைப் பார்த்த டி செல்லுக்கு நம் சொந்த அணுவே அந்நியனாகத் தெரியும். ஆனால் அது ஒரே ஒரு செல். அது பெருகிப் படை திரட்ட நாளாகும், சில மருந்துகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பார். பிறகு ஒருநாள் காய்ச்சல் வரும், முகம் வீங்கும், தோல் சிவக்கும், ஈரல் அடிவாங்கும். அதனால், ‘ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை’ என்று எந்த மருந்தையும் விடுதலை செய்யக் கூடாது, பல சமயம் அதுதான் குற்றவாளி என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். படை கலைந்த பிறகும் அந்த டி செல்களில் சில நினைவோடு தங்கிவிடும், இரண்டாம் தடவை அதே மருந்து உள்ளே போனால் வாரக்கணக்கில் காத்திருக்காது, ஓரிரு நாளில் பாய்ந்துவிடும் என்று.

நான் பின்வரிசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று கோபப்பட்டு ஆறிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த இரண்டாவது ரகத்தையும் தெரியும். வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே வாரக்கணக்கில் சேர்த்து வைப்பது. எனக்கு அது புரியாமல் போக நியாயமே இல்லை. கூட்டம் முடிந்ததும் மேடம் கோ தேவிகாவின் தாளை வாங்கி, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்து, இதைப் படிவமாகவே அடிக்கலாமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்விகூட அந்தக் குரலில் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் மருந்து ஒவ்வாமைக்கென்று தனிக் கிளினிக் ஒன்று திறக்கப் போவதாகவும், அதற்கு எங்களில் ஒரு மருந்தாளரை மேடம் கோ தேர்ந்தெடுப்பார் என்றும் பேச்சு அடிபட்டது. போட்டி எனக்கும் தேவிகாவுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பத்து வருஷமாகக் காத்திருந்த இடம் அது.

செல்லையா என் வார்டுக்கு வந்தது அப்போதுதான். ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். காய்ச்சல், முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை, மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு. காய்ச்சலுக்காகக் கடைக்குப் பக்கத்து கிளினிக்கில் பென்சிலின் வகை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கிய இரண்டாம் நாள் தடிப்பு. இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கால் பெருவிரலில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கவுட் வலிக்காக அலோபூரினால் சாப்பிடுவதாகச் சொன்னார். எத்தனை நாளாக என்றதற்கு, “ரொம்ப நாளா லா, தம்பி” என்றார். முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிற மனிதருக்கு ஐந்து வாரமும் ரொம்ப நாள்தான். நான் அந்தக் கேள்வியை அதற்குமேல் கேட்கவில்லை. பதினான்கு கட்டத்தில் இடது ஓரத்தில் அம்புக்குறி போட்டேன். தேவிகாவின் நீண்ட படிவம் அச்சாகி வந்து அலமாரியில் அடுக்கியிருந்தது. அதை நான் தொடவே இல்லை.

பென்சிலினை நிறுத்தினார்கள். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்ததால் டாக்டர் கவுட் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். செல்லையா தேறினார். வீக்கம் வடிந்தது. பென்சிலினை நிறுத்தியதால் தேறினார் என்று நான் எழுதினேன். அப்போது இரண்டு மருந்துகளும் நின்றிருந்தன என்பது என் கண்ணில் படவில்லை. படாமல் போகவில்லை, நான் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அவர் வீடு திரும்ப இருந்த அன்று காலை என் மேசையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. செல்லையாவின் மனைவி மங்களம் முந்தின நாள் மாலை என்னைத் தேடியிருக்கிறார், நான் இல்லை. வழியில் போன தேவிகாவிடம் பேசியிருக்கிறார். மற்றவர் வார்டுக் கோப்பில் எழுதக் கூடாது என்பதால் தேவிகா எனக்குத் துண்டு எழுதி வைத்துவிட்டு, தம்பி கல்யாணத்துக்காக அன்று காலை விமானத்தில் திருச்சிக்குப் போய்விட்டார். பத்து நாள் விடுப்பு. தாளில் இருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம்.

“சார், காய்ச்சல் வந்த பிறகுதான் இவருக்குப் பென்சிலின் கொடுத்திருக்கிறார்கள். கவுட் மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்று அவர் மனைவி சொன்னார். என் சந்தேகம் அதன்மேல்தான். அந்தக் காய்ச்சலே ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு அதை மறுபடி கொடுக்க வேண்டாம். தேவிகா.”

ஐந்து வரி. முதல் தடவை படித்தபோதே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்குப் புரியாமல் போகவில்லை. அவசரத்தில் கவனிக்காமலும் விடவில்லை. அது சரி என்பதால்தான் மடித்தேன். கோப்பைத் திருத்தினால், குணாவின் வார்டில் குணா தவறவிட்டதைத் தேவிகா கண்டுபிடித்தார் என்று அன்றே மேடம் கோவின் மேசைக்குப் போகும். கிளினிக் யாருக்கு என்று அறிவிக்க இரண்டு வாரம்தான் இருந்தது. ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லையே, இனிமேலா ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துண்டை வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டேன். ‘வீட்டு மருந்துகளைத் தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செல்லையாவின் கட்டிலுக்குப் போய், கவுட் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று தமிழில் அழுத்திச் சொல்லிவிட்டும் வந்தேன். கோட்டு அன்றைக்கே சலவைக்குப் போனது.

நான்காம் நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். போய்ப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரியத் தொடங்கியிருந்தது. கண் மஞ்சள். ஈரலின் எண்களைப் படித்த டாக்டர் தலையை ஆட்டினார். டி செல்கள் எதையும் மறக்கவில்லை. மாத்திரை உள்ளே போனதும் காத்திருந்தவை போலப் பாய்ந்திருந்தன. செல்லையா என்னை அடையாளம் கண்டுகொண்டு உதட்டை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“தம்பி, நீங்க சொன்ன மாதிரியே விடாம சாப்டேன்.”

இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் மாத்திரைப் பையை என் முகத்தில் எறிந்திருக்கிறார். அவையெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டன.

அவர் பிழைத்தார். மூன்று வாரம் உயிருக்குப் போராடி, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு, அரை உடம்பாகி வீட்டுக்குப் போனார். அந்த மூன்று வாரமும் நான் காலையும் மாலையும் அவர் கட்டிலருகில் நின்றேன். குணாவைப் போல ஒரு மருந்தாளரைப் பார்த்ததில்லை என்று செவிலியர்கள் பேசிக்கொண்டார்கள். தேவிகாவின் நீண்ட படிவத்தை எடுத்து, ஐந்து வாரத்துக்கும் கோடு இழுத்து, அலோபூரினால்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

தேவிகா திரும்பி வந்ததும் மேடம் கோ எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என் பதினான்கு கட்டத் தாள் மேசையில் இருந்தது. அடிக்கோலை அந்த அம்புக்குறியின் கீழ் வைத்து, அதன்மேல் ஒரு புள்ளி வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது தேவிகா, இதைப் பற்றிச் சாருக்கு ஒரு துண்டு எழுதி வைத்திருந்தேனே என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. எனக்குக் கிடைக்காமல் போயிருக்குமோ என்று கவலைப்படும் குரல்தான். மேடம் கோ என்னைப் பார்த்தார்.

பார்க்கவில்லை என்றேன். எந்தத் துண்டு என்றும் கேட்டேன்.

மேடம் கோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தேவிகாவின் பக்கம் திரும்பினார். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஏன் ஒரு துண்டுத் தாளில், அதுவும் வார்டில் வேறு யாராலும் படிக்க முடியாத மொழியில் எழுதினாய், ஏன் என்னிடம் நேரில் வந்து சொல்லவில்லை என்று கேட்டார்.  மற்றவர் வார்டில் கை வைக்கக் கூடாது என்ற கட்டளையை மதித்ததாகக்கூடத் தேவிகா சொல்லவில்லை. முகம் வெளுத்துப்போய், சரி மேடம் என்றார். எனக்காகப் பரிந்து வந்தவரை என் கண் முன்னாலேயே மடக்கிவிட்டேன்.

தவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவன் என்று கிளினிக் எனக்குக் கிடைத்தது. தேவிகாவைக் கீழ்த்தளத்து கவுன்டருக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் இருந்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் என்று சொல்லிக் கிழக்கே வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவருடைய படிவத்தை நான் கிளினிக்கில் வைத்து நடத்தினேன், பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. அலோபூரினால் கொடுக்கும் முன்பே, அந்த அடையாளப் புரதம் ஆகாத வகையா என்று பார்க்க ரத்தச் சோதனை வந்தது. அதைப் பற்றி நான் பலருக்கு வகுப்பு எடுத்தேன். நல்ல மருந்தாளராக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எங்காவது கூட்டத்தில் தேவிகா என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், அவர் என்ன ஆனார், என்னைவிட மேலே போய்விட்டாரா என்று விசாரிக்காமல் தூக்கம் வராது. அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் எனக்குப் பொறாமை அடங்கவில்லை.

மின்னஞ்சல் வந்ததும், இதை எழுதும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தில் சந்தித்தோம். காதோரம் நரைத்திருந்தது. இன்னும் வேலையில் இருக்கிறார். பாலும் சர்க்கரையும் போடாத தே-ஓ ஒன்று சொல்லிவிட்டு, என் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தத் துண்டைப் பார்த்தேன், படித்தேன், மடித்துப் பையில் போட்டேன், மேடம் கோவிடம் பொய் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

அவர் தேநீரில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கலக்க அதில் ஒன்றும் இல்லை.

“படிச்சப்போ புரிஞ்சுதா, சார்? தெளிவாத்தான் எழுதியிருந்தேனா?”

“தெளிவா இருந்துச்சு, தேவிகா. முதல் தடவையே புரிஞ்சுது.”

இத்தனை வருஷமாக அவர் என்ன நினைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. துண்டு என் கையில் கிடைத்திருக்கும், ஆனால் தன் தமிழ்க் கையெழுத்து எனக்குப் படிக்க வந்திருக்காது, அதை மேடம் கோ எதிரில் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பேன் என்று அவராகவே எனக்கு ஒரு நியாயம் கற்பித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒரு மனிதர் தோல் உரிந்து படுத்திருக்க மாட்டாரே என்று நினைத்து நினைத்து, அதன் பிறகு வேலையிடத்தில் தமிழில் ஒரு வரிகூட எழுதியதில்லையாம். எதுவானாலும் இரண்டு மாடி ஏறிப் போயாவது நேரில் சொல்லிவிட்டு வருவாராம்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரை முடித்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

“செல்லையா சார்கிட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“எங்கிட்ட சொன்னது சரி, சார். மாத்திரைய முழுங்கினது நான் இல்லையே.”

போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒரு மாதமாக இந்த ஒப்புதலை மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் தேவிகா இருந்தார், மேடம் கோ இருந்தார், கிளினிக் இருந்தது, நான் நிறைய இருந்தேன். நோயாளி இல்லை. ஒரே நிமிஷத்தில் அதையும் அவர்தான் எனக்கு முன்னால் பார்த்துவிட்டார். அந்த நாற்காலியிலேயே, அறுபத்திரண்டு வயதில், எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

ஜாலான் புசார் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கடை திறந்திருந்தது. மகன் வியாபாரத்தைப் பார்க்க, செல்லையா உள்ளே ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மங்களம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் செல்லையா, தன் உயிரைக் காப்பாற்றியவர் வந்திருக்கிறார் என்று மகனிடம் சத்தமாகச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு வாடிக்கையாளர் தாழ்ப்பாள் கேட்டு வந்தார், அவர் போகும்வரை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தேன்.

முதலில் பேசியது மங்களம்தான், என்னிடம் இல்லை, கணவரிடம்.

“நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்னு எத்தன தடவ சொன்னேன். நீங்க நம்பவே இல்ல.”

செல்லையா என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூட அதிகம் பார்க்கவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார், தொலைபேசி எண்ணைக் கேட்டார். சொன்னேன். நான் அங்கே நிற்கும்போதே, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டதும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “அம்மா, நான் ஜாலான் புசார் செல்லையா பேசறேன்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை, மங்களம் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் செல்லையா என்னை எத்தனையோ தடவை புகழ்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட என்னிடம் அவருக்குக் குரல் உடைந்ததில்லை. நான் கடையைவிட்டு வெளியே வந்தது அங்கே யாருக்கும் தெரியாது.